வெளியிலிருந்து வரும் நிரலை ஏற்பது எப்படி? சிறிய கட்டற்ற மென்பொருள் திட்டம் நடத்துவோருக்கு ஒரு வழிகாட்டி

ஓய்வு நேரத்தில் எழுதிய மென்பொருள் ஒன்றை, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் போட்டிருக்கிறீர்கள். நாலு பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து முதல் புல் ரிக்வெஸ்ட், அதாவது ‘என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்ற கோரிக்கை, வந்து நிற்கிறது. மகிழ்ச்சியான விஷயம்தான். ஆனால் அதைத் திட்டத்தோடு இணைக்கும் பச்சை மெர்ஜ் பொத்தானை அழுத்திவிட்டால் அந்த நிரலுக்கு இனி நீங்கள்தான் பொறுப்பு. அனுப்பியவர் வேலை மாறுவார், தேர்வுக்குப் படிக்கப் போவார், கொஞ்ச நாளில் திட்டத்தையே மறந்துவிடுவார். அவர் எழுதிய பகுதியில் பிழை வந்தால் பயனர்கள் உங்களிடம்தான் வந்து கேட்பார்கள். எதை ஏற்பீர்கள், எப்படி ஏற்பீர்கள் என்பதை நிரல் வருவதற்கு முன்பே முடிவு செய்து எழுதி வைப்பது இதனால்தான் அவசியம்.

ஒன்றிரண்டு பேர் சம்பளமில்லாமல் நடத்தும் திட்டங்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். பாமினி, டிஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களில் கிடக்கும் தமிழ் உரையை யூனிகோடுக்கு மாற்றும் ஒரு நூலகத்தை நண்பர்களோடு சேர்ந்து பராமரித்து வருகிறேன். அங்கே தட்டுத் தடுமாறிக் கற்றவை இவை. கிட்ஹப்பை வைத்தே சொல்கிறேன். கிட்லேப், கோட்பெர்க் பயன்படுத்துவோருக்குப் பெரும்பாலும் பொத்தான்களின் பெயர்தான் மாறும்.

1. முதலில் ஆவணங்கள்

நான்கு கோப்புகள் வேண்டும். முதலாவது லைசென்ஸ். உரிமம் எதுவும் எழுதாமல் விட்டால் நிரல் பொதுச்சொத்து ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது: உரிமம் இல்லையென்றால் எல்லா உரிமையும் எழுதியவரிடமே இருக்கும். உரிம அறிவிப்பு உள்ள ரெப்போவுக்கு (திட்டத்தின் கோப்புகள் இருக்கும் கிடங்குக்கு) ஒருவர் நிரல் அனுப்பினால் அதே உரிமத்தின்கீழ்தான் தருகிறார் என்று கிட்ஹப்பின் விதிமுறைகளே சொல்கின்றன. அறிவிப்பே இல்லாத ரெப்போவுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. பத்துப் பேர் நிரல் அனுப்பிய பிறகு உரிமம் சேர்க்கலாம் என்று கிளம்பினால் பத்துப் பேரிடமும் சம்மதம் வாங்க வேண்டும். அதில் சிலரைத் தேடிப் பிடிக்கவே முடியாது. எம்ஐடி, அப்பாச்சி 2.0, ஜிபிஎல் 3 இந்த மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தமாக உரிமம் எழுதவோ, இருக்கும் உரிமத்தில் ஒரு வரி சேர்க்கவோ வேண்டாம்.

இரண்டாவது ‘கான்ட்ரிபியூட்டிங்’ கோப்பு. இதை ரெப்போவின் மேல்மட்டத்தில் வைத்தால், யாராவது புல் ரிக்வெஸ்ட் திறக்கும்போது கிட்ஹப்பே அதன் இணைப்பைக் காட்டும். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் யாரும் படிக்கமாட்டார்கள். திட்டத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்க என்ன கட்டளை, டெஸ்ட் ஓட்ட என்ன கட்டளை, பதிலுக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், எதையெல்லாம் ஏற்கமாட்டீர்கள் என்ற நான்கும் கட்டாயம் வேண்டும். நாலாவதைத்தான் பெரும்பாலானோர் எழுதுவதில்லை. ‘இந்த நூலகம் குறியாக்க மாற்றம் மட்டும் செய்யும். எழுத்துப்பிழை திருத்தம், ஒலிபெயர்ப்பு இங்கே வராது’ என்று எழுதி வைத்தால், ஒருவர் வாரக்கணக்கில் உழைத்து அனுப்பியதை மறுக்கவேண்டிய நிலை வராது. தமிழில் இஷ்யூ (பிழை அறிக்கை, கோரிக்கை) எழுதலாமா என்றும் ஒரு வரி சேருங்கள். எங்கள் கோப்பில் எழுதலாம் என்றுதான் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதத் தயங்கிப் பேசாமல் இருந்த பள்ளி ஆசிரியர்களும் அச்சகக்காரர்களும் அதன் பிறகுதான் பேசத் தொடங்கினார்கள். மிக நல்ல பிழை அறிக்கைகள் அவர்களிடமிருந்தே வருகின்றன.

மூன்றாவது ‘செக்யூரிட்டி’ கோப்பு. பாதுகாப்புக் குறையைக் கண்டவர் அதை எல்லோரும் பார்க்கும் இஷ்யூவில் போடாமல் தனியாகச் சொல்ல வழி வேண்டும். கிட்ஹப்பில் தனிப்பட்ட குறை அறிவிப்பு வசதி இலவசமாக இருக்கிறது. அமைப்புகளில் அதை இயக்கிவிட்டுக் கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும். நான்காவது நடத்தை விதி. கான்ட்ரிபியூட்டர் கோவனன்ட் என்ற ஆயத்த வாசகத்தைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். அதில் புகார் அனுப்ப வேண்டிய மின்னஞ்சலை நிரப்பவேண்டிய இடம் ஒன்று இருக்கும். அதை நிரப்பாமலே விட்டுவிட்ட ரெப்போக்கள் நிறைய. கவனியுங்கள்.

2. நிரல் யாருக்குச் சொந்தம் என்று கேளுங்கள்

சலிப்பான பகுதிதான். ஆனால் இங்கே விட்ட ஓட்டையைப் பின்னால் அடைப்பது மிகக் கடினம்.

வெளியாரின் நிரலை ஏற்கும்போது ‘இதைத் தர எனக்கு உரிமை இருக்கிறது’ என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று சிஎல்ஏ எனப்படும் ஒப்பந்தம். கூகுள் போன்ற பெரிய இடங்களில் முதலில் அதில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். இன்னொன்று டிசிஓ எனப்படும் உறுதிமொழி. லினக்ஸ் கெர்னலில் 2004இல் வந்தது. தனியாகக் கையெழுத்து எதுவும் இல்லை. ஒவ்வொரு கமிட் (பதிவு செய்யும் மாற்றம்) செய்தியின் கடைசியிலும் ‘சைன்ட்-ஆஃப்-பை’ என்று பெயரும் மின்னஞ்சலும் கொண்ட ஒரு வரி இருந்தால் சரி. கமிட் செய்யும்போது ஹைஃபன் எஸ் (-s) என்று சேர்த்தால், மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் மென்பொருள் அந்த வரியைத் தானே எழுதிவிடும்.

சிறிய திட்டத்துக்கு டிசிஓ போதும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு எழுத்துப்பிழையைத் திருத்த வந்தவரிடம் ஒப்பந்தத்தை நீட்டினால் அவர் திரும்பிப் போய்விடுவார். அதைவிட முக்கியமான காரணம் இந்தியச் சட்டத்தில் இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி, உரிமையை மாற்றிக்கொடுக்கும் ஆவணம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலத்தைக் குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். எந்த நாடுகளுக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்று கொள்ளப்படும். இணையத்தில் கிடைத்த ஒரு சிஎல்ஏவை நகலெடுத்து நாலு வரியை வெட்டிச் சுருக்கினால் இந்தச் சொற்கள்தான் முதலில் காணாமல் போகும். ஒப்பந்தம்தான் வேண்டும் என்றால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள். நான் வழக்கறிஞர் அல்ல.

டிசிஓவில் அடிக்கடி வரும் சிக்கல் ஒன்று: புதியவர் அந்த வரியை மறந்துவிடுவார். கடைசி கமிட்டில் மட்டும் விட்டிருந்தால், திருத்தும் கட்டளையை ஹைஃபன் எஸ்ஸோடு ஓட்டினால் போதும். பல கமிட்டுகள் என்றால், அவற்றை மறுபடி அடுக்கும் ரீபேஸ் கட்டளையிலேயே ‘சைன்ஆஃப்’ என்ற தெரிவு இருக்கிறது. இரண்டையும் அப்படியே நகலெடுக்கும்படி கான்ட்ரிபியூட்டிங் கோப்பில் எழுதி வையுங்கள். உலாவியிலிருந்தே திருத்துபவர்களுக்காக, ‘இணையவழி கமிட்டுகளுக்கும் சைன்-ஆஃப் வேண்டும்’ என்ற தெரிவு ரெப்போ அமைப்புகளில் உண்டு. அதையும் இயக்கிவிடுங்கள். பெயர் விஷயத்தில் கெடுபிடி வேண்டாம். நம் ஊரில் இனிஷியல் முன்னால் வரும், பின்னால் வரும், பாஸ்போர்ட்டில் விரிந்து அப்பா பெயராகவே வரும். வழக்கமாக எந்தப் பெயரில் அறியப்படுகிறாரோ அது போதும்.

அடுத்தது வேலை பார்க்கும் நிறுவனம். அதே சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி, வேலையின் பகுதியாக எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், முதல் உரிமையாளர் நிறுவனம்தான். இதற்கு மேலும் போய், பணியில் இருக்கும் காலத்தில் எழுதும் எல்லாமே தங்களுக்கு என்று நியமனக் கடிதத்தில் எழுதிக்கொள்ளும் நிறுவனங்களும் இருக்கின்றன. பெரிய பங்களிப்பு என்றால் ‘இதை அலுவலக நேரத்திலோ அலுவலகக் கணினியிலோ எழுதினீர்களா?’ என்று நேரடியாகக் கேளுங்கள். ஆம் என்றால், மேலாளரிடமிருந்து ஒரு வரி மின்னஞ்சல் வாங்கி வைத்துக்கொள்வது இரண்டு பேருக்கும் நல்லது. எங்களுக்கு வந்த ஒரு நல்ல பங்களிப்பு இந்தக் கேள்வியில் ஒரு மாதத்துக்கு மேல் நின்றது. கேட்காமல் ஏற்றிருந்தால் நிம்மதியாக இருந்திருக்க முடியாது.

கடைசியாக, நகல். கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் இருக்கும் நிரலுக்கு உரிமம் உண்டு: அதே உரிமத்தில்தான் பகிர வேண்டும் என்று கேட்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் பகிர்வுரிமம். எம்ஐடி திட்டத்துக்குள் அதை அப்படியே ஒட்ட முடியாது. தமிழ்த் திட்டங்களில் நிரலைவிடத் தரவில்தான் இந்தப் பிரச்சினை அதிகம். சொற்பட்டியல், பெயர்ப்பட்டியல், ஊர்ப்பெயர்கள், எழுத்துரு என்று ஆர்வத்தோடு கொண்டுவருவார்கள். எங்கிருந்து எடுத்தது என்று கேட்டால் ‘நெட்டில் கிடைத்தது’ என்பார்கள். விக்கிப்பீடியாவிலும் விக்சனரியிலும் இருந்து எடுத்ததென்றால் அந்தப் பகிர்வுரிமத்தைத் தரவோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். அச்சு அகராதியிலிருந்து தட்டச்சு செய்தது என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மூலம் எது என்று தெரியாத தரவை ஏற்காதீர்கள்.

3. ரெப்போவைப் பூட்டுங்கள்

ஒருமுறை உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் முடியும் வேலை.

முதன்மைப் பிராஞ்சுக்கு (நிரலின் பிரதான கிளைக்கு) பாதுகாப்பு விதி போடுங்கள்: நேரடியாக யாரும் தள்ளக்கூடாது, டெஸ்ட் தேறாமல் மெர்ஜ் ஆகக்கூடாது. பொது ரெப்போக்களுக்கு இது இலவசம். இதில் ஒரு பொறி உண்டு. ‘ஒருவராவது ஒப்புதல் தர வேண்டும்’ என்ற விதியைப் போட்டால், தனியாளாக நடத்துபவர் தன் புல் ரிக்வெஸ்டுக்குத் தானே ஒப்புதல் தர முடியாது. இரண்டாவது பராமரிப்பாளர் வரும்வரை அதை விட்டுவிட்டு டெஸ்ட் விதியை மட்டும் வையுங்கள்.

அடுத்தது கிட்ஹப் ஆக்ஷன்ஸ், டெஸ்ட் போன்ற பணிகளைத் தானாக ஓட்டும் வசதி. வெளியாரின் புல் ரிக்வெஸ்ட் வந்ததும் அவருடைய நிரல் உங்கள் பெயரில் ஓடுகிறது என்பதை மறக்க வேண்டாம். இதைப் பயன்படுத்திக் கிரிப்டோ நாணயம் தோண்டியவர்கள் பெருகியதால்தான், 2021இல், முதல்முறை பங்களிப்பவரின் ஓட்டத்துக்குப் பராமரிப்பாளரின் ஒப்புதல் வேண்டும் என்ற விதி வந்தது. அது மட்டும் போதாது. ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தி மெர்ஜ் வாங்கிவிட்டால் அடுத்த முறை அவர் முதல்முறை ஆள் இல்லை. அதன்பிறகு அனுப்புவது ஒப்புதல் இல்லாமலே ஓடும். அமைப்புகளில் ‘வெளிப் பங்களிப்பாளர் அனைவருக்கும் ஒப்புதல் தேவை’ என்ற தெரிவைப் போடுங்கள்.

‘புல்_ரிக்வெஸ்ட்’ என்ற நிகழ்வில் ஓடும் பணிகளுக்கு, ஃபோர்க்கிலிருந்து (வெளியார் எடுத்துக்கொண்ட நகலிலிருந்து) வரும்போது உங்கள் ரகசியச் சாவிகள் தரப்படாது. ஆனால் ‘புல்_ரிக்வெஸ்ட்_டார்கெட்’ என்ற நிகழ்வில் தரப்படும். டெஸ்ட் ஓடவில்லை, சாவி கிடைக்கவில்லை என்று தேடினால் ‘இதை மாற்றிப் போடு, சரியாகிவிடும்’ என்ற பதில்கள் கண்ணில் படும். அப்படி மாற்றி, அதற்குள் வெளியாரின் நிரலை எடுத்து ஓட்டினால், உங்கள் வெளியீட்டுச் சாவியை அவர் கையில் கொடுத்த மாதிரி. தொடவே தொடாதீர்கள். மற்றவர்கள் எழுதிய ஆக்ஷன்களைப் பயன்படுத்தும்போதும் பதிப்பு எண்ணை நம்பாமல் முழு கமிட் அடையாளத்தைக் குறிப்பிடுங்கள். 2025 மார்ச்சில் டிஜே-ஆக்ஷன்ஸின் ‘சேஞ்ச்ட்-ஃபைல்ஸ்’ என்ற பரவலான ஆக்ஷன் தாக்கப்பட்டபோது பழைய பதிப்பு எண்களையே கெட்ட நிரலுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள்.

பராமரிப்பாளர் எல்லோருக்கும் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம். பைதான் தொகுப்புத் தளமான பைப்பியில் தொகுப்பு வெளியிடுபவர்கள் 2023இல் வந்த நம்பகமான வெளியீட்டு முறைக்கு மாறிவிடுங்கள். நீண்டநாள் சாவி எதையும் எங்கும் சேமிக்க வேண்டியிருக்காது.

4. செலவும் நேரமும்

பணச் செலவு கிட்டத்தட்ட இல்லை. பொது ரெப்போ, அதன் சாதாரண ஆக்ஷன்ஸ் ஓட்டம் இரண்டும் இலவசம். சொந்த முகவரி வேண்டுமென்றால் ஆண்டுக்கு ஓர் ஆயிரம் ரூபாய் அளவு. வன்பொருள் பாதுகாப்புச் சாவி சில ஆயிரம் ரூபாய், விருப்பப்பட்டால். உண்மையான செலவு நேரம்தான். புதியவர் அனுப்பிய சிறிய மாற்றத்தைக்கூட நீங்களே எழுதியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். இது அடிக்கடி நடக்கும். அந்த நேரத்தை நிரலுக்காக அல்ல, ஓர் ஆளை உருவாக்கச் செலவிடுவதாக வைத்துக்கொண்டால்தான் இந்த வேலை நிலைக்கும். வாரத்தில் ஒரு குறிப்பிட்ட வேளையை இதற்கென்று ஒதுக்குங்கள். எங்களுக்கு ஞாயிறு காலை. மற்ற நாட்களில் கிட்ஹப் அறிவிப்புகளை அணைத்துவிடுவேன். அவசரம் என்றால் செக்யூரிட்டி வழி இருக்கிறதே.

5. முதல் பதிலைத் தாமதிக்காதீர்கள்

முழு ரிவ்யூவுக்கு ஒரு மாதம் ஆகலாம். முதல் பதில் ஒரு வாரத்துக்குள் போக வேண்டும். ‘பார்த்தேன், நன்றி. விரிவாகப் பார்க்க இந்த மாதக் கடைசி ஆகும். அதுவரை டெஸ்ட் ஒன்று சேர்க்க முடியுமா?’ என்று இரண்டு வரி எழுதினால் போதும். அமைதிதான் ஆட்களை விரட்டுகிறது. மறுப்பைக்கூட அவர்கள் தாங்கிக்கொள்கிறார்கள். ‘நான்கூட அனுப்பினேன், யாரும் கண்டுகொள்ளவில்லை’ என்று வருடங்கள் கழித்தும் சொல்லிக்கொண்டிருப்பவர்களைச் சந்தித்திருக்கிறேன்.

பதில் வராத புல் ரிக்வெஸ்டைத் தானாக மூடும் ரோபோக்களைச் சிலர் வைக்கிறார்கள். தாமதம் உங்கள் பக்கம் இருக்கும்போது அவருடைய வேலையை ரோபோ மூடுவது அநியாயம். வைக்க வேண்டாம்.

6. ரிவ்யூ செய்யும் வரிசை

முதலில் ‘இது திட்டத்துக்கு வேண்டுமா?’ என்ற கேள்வி. வேண்டாம் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். மாறியின் பெயர், இடைவெளி என்று நாலு சுற்றுத் திருத்தம் வாங்கிவிட்டுக் கடைசியில் ‘இது நமக்குத் தேவையில்லை’ என்று சொல்வதைப் போலக் கொடுமை வேறில்லை.

வேண்டும் என்றால் டெஸ்டைப் பாருங்கள், நிரலை அப்புறம். ஓர் உதாரணம் சொன்னால் ஏன் என்று புரியும். தமிழில் ‘கௌரவம்’ என்பதைப் பலர் க, ஒற்றைக்கொம்பு, ள என்று ‘கெளரவம்’ ஆகத் தட்டச்சு செய்கிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு. தேடினால் கிடைக்காது. இதைச் சரிசெய்ய ஒரு கல்லூரி மாணவர் ஒரே வரி மாற்றம் அனுப்பினார்: ஒற்றைக்கொம்புக்குப் பின்னால் ‘ள’ வந்தால் இரண்டையும் நீக்கிவிட்டு ஔகாரக் குறியைப் போடு. கௌரவம், மௌனம், பௌர்ணமி என்று மூன்று டெஸ்ட். மூன்றும் பச்சை. இப்போது ‘வெள்ளம்’ என்ற சொல்லை உள்ளே விட்டுப் பாருங்கள். வ, ஔகாரக் குறி, அதன்மேல் அந்தரத்தில் ஒரு புள்ளி என்று உடைந்து வரும். ‘தெளிவு’ சிதையும். கெளுத்தி மீனும் தப்பாது. அந்த நிரல் சிறியது, சுத்தமானது, படித்தால் சரியென்றே தோன்றும். தப்பு நிரலில் இல்லை, எந்தச் சொற்களைச் சோதிக்காமல் விட்டார் என்பதில் இருந்தது.

அவருக்கு ‘தவறு’ என்று எழுதாமல், ‘வெள்ளம், தெளிவு, கெளுத்தி மூன்றையும் டெஸ்டில் சேர்த்து ஓட்டிப் பாருங்கள்’ என்று எழுதினோம். பார்த்தவுடன் புரிந்துகொண்டார். கடைசியில் ஔகாரம் வரும் சொற்களின் பட்டியலை வைத்து மட்டும் மாற்றுவது என்று முடிவாகி, அந்தப் பட்டியலையும் அவரே தொகுத்தார். உங்கள் துறை எதுவாக இருந்தாலும் இப்படி உடைக்கக்கூடிய பத்து உள்ளீடுகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவற்றை ஒரு டெஸ்ட் கோப்பாக ரெப்போவிலேயே வையுங்கள். தமிழ் உரை சார்ந்த திட்டம் என்றால் ‘கொ’ என்ற எழுத்து அவசியம். அது க, ஒகரக் குறி என்று இரண்டு குறிகளாகவும் வரும், க, ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்று குறிகளாகவும் வரும். ‘ஸ்ரீ’க்கும் இரண்டு வடிவங்கள் உண்டு. நீளத்தை எண்ணும், ஒப்பிடும் எந்த நிரலையும் இவை இரண்டும் சோதித்துவிடும்.

பிறகு அளவு. சில நூறு வரிகளுக்கு மேல் போனால் பிரித்து அனுப்பச் சொல்லுங்கள். குறிப்பாக, கோப்பு முழுவதையும் ஃபார்மேட்டர் போட்டு அடுக்கிவிட்டு நடுவில் நாலு வரி மாற்றியிருந்தால், இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். புதிய சார்புத் தொகுப்பு (நிரல் நம்பியிருக்கும் பிறரின் தொகுப்பு) எதையாவது சேர்த்திருக்கிறாரா என்று பாருங்கள். ஒரு சின்ன வசதிக்காகச் சேர்த்த தொகுப்பையும் இனி நீங்கள்தான் புதுப்பித்துக்கொண்டிருக்க வேண்டும்.

படித்துப் பார்க்க முடியாத பைனரிக் கோப்புகளை ஏற்காதீர்கள். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நூலகத்தில் 2024இல் கண்டுபிடிக்கப்பட்ட கள்ளவழி, டெஸ்ட்டுக்கான சுருக்கப்பட்ட கோப்புகளுக்குள்தான் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. பைனரி தேவையென்றால் அதை உருவாக்கும் ஸ்கிரிப்டை அனுப்பச் சொல்லி, ஓட்டி, நீங்களே உருவாக்குங்கள்.

பிறகு உங்கள் கணினியில் இறக்கி ஓட்டிப் பாருங்கள். பச்சை டிக் மட்டும் பார்த்து மெர்ஜ் செய்யாதீர்கள். தெரியாதவரின் நிரல் என்பதால் கணினியின் மற்ற பகுதிகளிலிருந்து பிரித்து வைக்கும் கன்டெய்னருக்குள் ஓட்டுவது நல்லது.

7. செயற்கை நுண்ணறிவு எழுதிய நிரல்

இதற்கு விதி இல்லாமல் இப்போது திட்டம் நடத்த முடியாது. ஜென்டூ லினக்ஸ் திட்டம் 2024 ஏப்ரலில் முழுத் தடை போட்டது. நெட்பிஎஸ்டி இயங்குதளத் திட்டமும் அதே ஆண்டு முன் அனுமதி இல்லாமல் கூடாது என்றது. நாங்கள் தடை செய்யவில்லை. எங்கள் விதி: எதை வைத்து எழுதினாலும் சொல்லிவிட வேண்டும், ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், டிசிஓ உறுதிமொழி அவருடையதே. சந்தேகம் வந்தால் ‘இந்த நிபந்தனை ஏன் வேண்டும்?’ என்று ஒரு வரியைச் சுட்டிக் கேளுங்கள். எழுதியவருக்குப் பதில் தெரியும். ரிவ்யூவில் எழுதும் கேள்வியை அப்படியே இயந்திரத்திடம் கொடுத்து வரும் பதிலை ஒட்டுகிறார் என்று தெரிந்தால் மரியாதையாக மூடிவிடுங்கள். இரண்டாவது சுற்றுக்குப் போகாதீர்கள். உங்கள் ஞாயிற்றுக்கிழமை அதற்கானது அல்ல.

8. வேண்டாம் என்று சொல்வது

தெரிந்தவர் என்றால் இன்னும் கஷ்டம். நண்பரின் நண்பர், ஊர்க்காரர், அலுவலக சீனியர் என்று யாராவது அனுப்பியிருப்பார்கள். காரணத்தை நிரலோடு நிறுத்துங்கள். கான்ட்ரிபியூட்டிங் கோப்பில் எழுதி வைத்த வரியைச் சுட்டுங்கள், வேறு வழி இருந்தால் சொல்லுங்கள். ‘இது நூலகத்துக்குள் வராது, தனித் தொகுப்பாக வைத்தால் ரீட்மீயில் இணைப்புத் தருகிறோம்’ என்பது பல நேரம் நல்ல முடிவு. ‘பிறகு பார்க்கலாம்’ என்று மட்டும் எழுதாதீர்கள். பார்க்கப்போவதில்லை என்று உங்களுக்கே தெரியும்.

அக்டோபர் மாதம் தனி. புல் ரிக்வெஸ்ட் அனுப்புவதை ஊக்குவிக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில் பரிசுக்காக 2020இல் ரீட்மீயில் ஒரு சொல்லை மாற்றி அனுப்பும் குப்பைகள் வெள்ளமாக வந்த பிறகு, விரும்பிச் சேர்ந்த ரெப்போக்களுக்கு மட்டும் என்று விதியை மாற்றினார்கள். அப்படியும் ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு சான்றிதழ் திட்டம் நடந்துகொண்டேதான் இருக்கும். ஸ்பேம் என்று லேபிள் போட்டு மூடுங்கள், விவாதிக்க வேண்டாம். வெள்ளமாக வந்தால், கிட்ஹப்பில் 24 மணி நேரத்திலிருந்து 6 மாதம்வரை புதியவர்களைத் தடுத்து வைக்கும் வசதி உண்டு. ஆனால் முதல்முறை அனுப்பும் மாணவரையும் குப்பை அனுப்புபவரையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். எழுத்துப்பிழைத் திருத்தம் உண்மையான பிழையைத் திருத்தியிருந்தால் அது பங்களிப்புதான்.

9. மெர்ஜ்

சிறிய திட்டத்துக்கு ஸ்குவாஷ் மெர்ஜ் வசதி. ‘திருத்தம்’, ‘மறுபடி திருத்தம்’ என்ற கமிட்டுகள் ஒன்றாகிவிடும். அப்போது வரும் செய்திப் பெட்டியில் சைன்-ஆஃப் வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். சில அமைப்புகளில் அது விழுந்துவிடும். அனுப்பியவர் பாதியில் விட்டுப்போய், மீதியை நீங்கள் முடித்தாலும் அவர் பெயரில்தான் கமிட் போக வேண்டும். இருவரும் எழுதியிருந்தால் ‘கோ-ஆதர்ட்-பை’ வரி சேருங்கள். அவருடைய யோசனையை எடுத்து உங்கள் பெயரில் புதிதாக எழுதி, அவருடையதை மூடுவது திருட்டு. வேறு பெயர் இல்லை.

அவர் புல் ரிக்வெஸ்ட் திறக்கும்போது ‘பராமரிப்பாளர் திருத்தலாம்’ என்ற பெட்டி டிக் ஆகியிருந்தால் சின்னத் திருத்தங்களை அவருடைய பிராஞ்சிலேயே நீங்கள் செய்யலாம். ஒரு காற்புள்ளிக்காக இன்னொரு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை. வெளியீட்டுக் குறிப்பில் அவர் பெயரைப் போடுங்கள். அதை வேலை தேடும்போது காட்டுகிறார்கள், வீட்டில் காட்டுகிறார்கள்.

10. கமிட் உரிமை யாருக்கு?

தொடர்ந்து நல்ல நிரல் அனுப்புபவருக்கு உரிமை கொடுக்கத்தான் வேண்டும். தனியாளாக நீண்டகாலம் ஓடவும் முடியாது. ஆனால் களைத்திருக்கும்போது இந்த முடிவை எடுக்காதீர்கள். 2018இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பை, உதவ முன்வந்த தெரியாத ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். அவர் பிட்காயின் பணப்பையைத் திருடும் நிரலைச் சார்புத் தொகுப்பு வழியாக உள்ளே விட்டார். எக்ஸ்இசட்டில் ஜியா டான் என்ற பெயரில் வந்தவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கை பெற்றார். அதே காலத்தில் வேறு கணக்குகள் ‘ஏன் இவ்வளவு தாமதம், இன்னொருவரிடம் கொடுங்கள்’ என்று பராமரிப்பாளரை நெருக்கின. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், ஜியா டான் ஒளித்து வைத்த கள்ளவழியை வெளிப்படுத்தினார். தொலைவில் உள்ள கணினிக்குள் போகும் எஸ்எஸ்எச் உள்நுழைவு வழக்கத்தைவிட அரை விநாடி மெதுவாக இருப்பதைக் கவனித்து அவர் தேடிப் போயிருக்காவிட்டால் எவ்வளவு தூரம் பரவியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

எனவே படிப்படியாகக் கொடுங்கள். முதலில் ‘ட்ரையேஜ்’ உரிமை: இஷ்யூக்களுக்கு லேபிள் போடலாம், மூடலாம், நிரலைத் தொட முடியாது. சில மாதங்கள் கழித்து எழுதும் உரிமை, பிராஞ்ச் பாதுகாப்போடு. வெளியீட்டுச் சாவி கடைசி. அதற்கு முன் ஒருமுறையாவது வீடியோவில் பேசுங்கள், முடிந்தால் நேரில் பாருங்கள். அவசரப்படுத்துபவர் யாராக இருந்தாலும் அந்த அவசரத்தையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

11. ஓய்வு வேண்டும்போது

பிள்ளைக்குப் பரீட்சை, வீட்டில் உடம்பு சரியில்லை, வேலையில் நெருக்கடி. எல்லாம் வரும். ரீட்மீயின் முதல் வரியில் ‘ஆகஸ்ட்வரை புல் ரிக்வெஸ்ட் பார்க்க இயலாது, பாதுகாப்புக் குறைகளை மட்டும் பார்ப்போம்’ என்று எழுதிவிட்டுப் போங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. திட்டத்தையே நிறுத்துகிறீர்கள் என்றால் திறந்திருக்கும் ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டிலும் ஒரு வரி எழுதி மூடுங்கள். யாராவது ஃபோர்க் எடுத்துத் தொடர்ந்தால் அதன் இணைப்பை ரீட்மீயில் போடுங்கள். இதையெல்லாம் முடித்த பிறகே ரெப்போவை ஆர்க்கைவ் செய்யுங்கள். ஆர்க்கைவ் ஆனதும் இஷ்யூ, கருத்து எல்லாம் உறைந்துவிடும். ஒரு வரி எழுதவும் மறுபடி திறந்தாக வேண்டும்.